எதிர்பார்க்கும் விடை எங்கிருந்து வருகிறது?

மென்பொருள் சோதனைப் பணியில் ஈடுபட்டிருக்கும் பொறியாளர்களுக்கும், அவர்களுடைய வேலையை அளந்து மதிப்பிடும் குழுத் தலைவர்களுக்கும் எழுதப்படும் திறந்த மடல்.



ஒரு நிரலைக் கொடுத்தால் அதற்குரிய சோதனைகளைச் சில நொடிகளில் எழுதித் தரும் இயந்திரக் கற்றல் கருவிகள், நிரலாளர் அன்றாடம் திறந்து வைத்திருக்கும் எழுதுதிரைக்குள்ளேயே இன்று வந்துவிட்டன. அவை தரும் சோதனைகள் பொருத்தமாகப் பெயரிடப்பட்டு, ஒழுங்காக வரிசைப்பட்டு, இயக்கியவுடன் பச்சை நிறத்தில் தேறியும் விடுவதால், அவற்றை வரிவரியாகப் படிக்காமலே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வேரூன்றக்கூடிய சூழல் உருவாகியிருக்கிறது. இந்தக் கருவிகளின் உழைப்பில் எது உண்மையான உதவி, எது சோதனை என்னும் செயலின் பொருளையே இல்லாமற் செய்வது என்பதைப் பிரித்துக் காட்டி, அதன் அடிப்படையில் சில கோரிக்கைகளை முன்வைப்பதே இம்மடலின் நோக்கம்.

நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியே இயக்கிப் பார்க்கும் அலகுச் சோதனை, அதாவது 'யூனிட் டெஸ்ட்', இரண்டு உறுப்புகளால் ஆனது. சோதிக்கப்பட வேண்டிய செயற்கூற்றுக்கு, அதாவது 'ஃபங்ஷனுக்கு', உரிய உள்ளீடுகளைத் தயார் செய்து அதை அழைப்பது முன்பகுதி. திரும்பி வந்த விடை இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று அறுதியிட்டுச் சொல்லி, அவ்வாறு இல்லையெனில் சோதனை தோற்றதாக அறிவிப்பது இரண்டாம் உறுப்பு. பொறியாளர்கள் 'அசர்ட்' என்று சொல்லும் அந்த வரி இம்மடலில் உறுதிக்கூற்று எனப்படும். முன்பகுதி நிரலை ஓடச் செய்கிறது; தீர்ப்பு வழங்குவது உறுதிக்கூற்று. உறுதிக்கூற்று இல்லாத சோதனை ஆயிரம் முறை தேறினாலும், நிரல் இடையில் முறிந்து நிற்கவில்லை என்பதற்கு மேல் எதையும் அதனால் நிறுவ முடியாது.

இதை நடைமுறையில் உள்ள ஒரு விதியைக் கொண்டு பார்க்கலாம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, வரித்தொகையை அருகிலுள்ள முழு ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டும் என்றும், பைசாப் பகுதி ஐம்பதாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் அதை ஒரு ரூபாயாக உயர்த்த வேண்டும் என்றும், ஐம்பதுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆகவே 102 ரூபாய் 50 பைசா, 103 ரூபாயாக வேண்டும். ஆனால் இந்த வேலைக்குப் பைத்தான் மொழியின் 'ரவுண்ட்' செயற்கூற்றை ஒருவர் அப்படியே பயன்படுத்தினால் கிடைப்பது 102. ஏனெனில் அம்மொழியின் மூன்றாம் பதிப்பு, சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே உயர்த்தாமல் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு நகர்த்துகிறது. 103 ரூபாய் 50 பைசாவைக் கொடுத்தாலோ சட்டமும் பைத்தானும் ஒன்றுபோல 104 என்கின்றன. அந்த உள்ளீட்டை மட்டும் தேர்ந்தெடுத்த சோதனையின் கண்ணுக்கு இந்தப் பிழை படவே படாது. இனி, இச்செயற்கூற்றை ஓட்டிப் பார்த்து, வந்த விடையையே எதிர்பார்க்கும் விடையாக எழுதிக்கொள்ளும் ஒரு கருவியை எண்ணிப் பார்த்தால், அது 102.50க்கு 102 என்று உறுதிக்கூற்று எழுதும், சோதனை தேறும், சட்டத்துக்கு முரணான கணக்கு 'சோதிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு வெளியே போகும். மாணவன் எழுதிய விடைத்தாளைப் பார்த்து விடைக்குறிப்பைத் தயாரித்து, அந்தக் குறிப்பைக் கொண்டு அதே தாளைத் திருத்தும் ஆசிரியரின் செயலுக்கு இது ஒப்பானது. அவரிடம் எந்த மாணவனும் தோற்கப் போவதில்லை.

ஒரு நிரல் தந்த விடை சரியா தவறா என்று தீர்மானிக்கத் துணைசெய்யும் ஆதாரத்தைச் சோதனைத் துறை ஆய்வாளர்கள் 'ஆரக்கிள்' என்று அழைக்கின்றனர். 1978இல் வில்லியம் ஹௌடனின் ஆய்வெழுத்தில் தொடங்கி நிலைபெற்ற அச்சொல்லுக்கும் அதே பெயருடைய தரவுத்தள நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. சரியான விடை சோதிப்பவருக்குத் தெரிந்தே இருக்கும் என்ற எடுகோள் பல நிரல்களுக்குப் பொருந்துவதில்லை என்பதையும், விடை தெரியாத காரணத்தாலேயே நிரல் எழுதப்படும் நிலைமைகள் உண்டு என்பதையும் 1982இல் எலைன் வேயுக்கர் விரிவாக எடுத்துக்காட்டினார். வரலாறு இன்னும் பின்னே செல்கிறது. 1949இல் கேம்பிரிட்ஜில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் ஆலன் டூரிங் அளித்த சிறு கட்டுரை, நிரலை எழுதியவர் அதன் வெவ்வேறு கட்டங்களில் எவையெவை மெய்யாக இருக்க வேண்டும் என்று திட்டவட்டமான கூற்றுகளை எழுதி வைத்துவிட்டால், சரிபார்ப்பவர் அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து முழு நிரலின் சரித்தன்மையை எளிதில் முடிவு செய்ய இயலும் என்று யோசனை கூறியது. அக்கட்டுரையில் எழுதுபவரும் சரிபார்ப்பவரும் இரண்டு வேறு ஆட்களாக நிற்பதும், அவர்களுக்கு இடையே கைமாறும் பொருளாகக் கூற்றுகள் இருப்பதும் இன்றைய விவாதத்துக்கு மிகவும் வேண்டிய செய்தி. நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லும். அது என்ன செய்ய வேண்டும் என்று எண்ணப்பட்டது என்பதைச் சொல்வதற்காகவே உறுதிக்கூற்று பிறந்தது.

இயந்திரம் தானே சோதனை எழுதுவது புதிதன்று. 2007இல் வெளிவந்த ராண்டூப், 2011இல் வெளிவந்த ஈவோசூட் ஆகிய கருவிகள், எந்தக் கற்றல் மாதிரியும் இன்றி, முதலாவது தற்செயல் தேர்வாலும் இரண்டாவது பரிணாமத் தேடல் முறையாலும் ஜாவா நிரல்களுக்கு முன்பகுதிகளை உருவாக்கின. எந்த உள்ளீட்டைக் கொடுத்தால் நிரலின் எந்தக் கிளை ஓடும் என்று தேடுவதில் அவை சளைக்காதவை. ஆனால் உறுதிக்கூற்று என்று வந்தபோது, அவை பெரும்பாலும் நிரலை ஓட்டி, கிடைத்த விடையைப் பதிவு செய்து, இனிமேலும் இதே விடை வர வேண்டும் என்று எழுதி வைத்தன. இவ்வாறு எழும் சோதனைகள் பின்னடைவுச் சோதனை, அதாவது 'ரிக்ரெஷன் டெஸ்ட்', எனப்படும். நேற்றுவரை இருந்த நடத்தை இன்றைய திருத்தத்தால் மாறியதா என்று கண்டறிய அவை மிகவும் பயன்படும். பழைய நிரலைத் தொட்டு மாற்ற வேண்டியவருக்கு அவை பெரும் காவல். நேற்றைய நடத்தையே தவறாக இருந்திருந்தால் அதை அவை சொல்லா. சொல்வதாக அவற்றை ஆக்கியோரும் உரிமை கோரவில்லை.

இந்தக் குறையை இயந்திரக் கற்றலால் நீக்க முடியுமா என்ற கேள்வியோடு 2020இல் வெளிவந்த ஆய்வுக் கருவி அட்லஸ். மனிதர்கள் எழுதித் திறந்த களஞ்சியங்களில் வைத்திருக்கும் ஜாவா சோதனைகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் உறுதிக்கூற்றை நீக்கிவிட்டு, எஞ்சிய முன்பகுதியையும் சோதிக்கப்படும் செயற்கூற்றையும் ஒரு நரம்பியல் வலையமைப்புக்குக் காட்டி, நீக்கப்பட்ட வரியை ஊகிக்க அதைப் பழக்குவது அதன் முறை. மாதிரியின் முதல் ஊகத்தை மட்டும் கொண்டால் 31 விழுக்காட்டிலும், முதல் ஐந்து ஊகங்களைக் கொண்டால் 50 விழுக்காட்டிலும், மனிதர் எழுதிய வரியே எழுத்துக்கு எழுத்து திரும்பி வந்தது. அக்காலத்தில் இது வியக்கத்தக்க சாதனையே. எனினும் அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும். வேறு சொற்களால் எழுதப்பட்ட, அதே அளவுக்குச் சரியான உறுதிக்கூற்று அங்கே தோல்வியாகக் கணக்கிடப்படுகிறது. மனிதர் எழுதிய வரி எந்தப் பிழையையும் பிடிக்க வல்லதா என்பதோ கணக்கிலேயே வரவில்லை. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, புதிய சோதனைக்கு மிக நெருக்கமான பழைய சோதனை ஒன்றைத் தேடியெடுத்து அதன் உறுதிக்கூற்றைப் படியெடுப்பதும் சிறிது மாற்றியமைப்பதுமே இந்த அளவுகோலில் அட்லஸைவிட நல்ல மதிப்பெண் பெறுவதைக் காட்டியது. உறுதிக்கூற்றுகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று ஒத்தவை என்பதும், அந்த ஒப்புமையைக் கற்பது எளிது என்பதும் இதனால் தெளிவாயின. நோக்கத்தைக் கற்க முடிந்ததா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதே ஆண்டில் வந்த டோகா என்னும் முறை இக்கேள்வியை நேராக எதிர்கொண்டது என்பதால் அதற்குச் சிறப்பான இடம் உண்டு. செயற்கூற்றின் உடலை நம்பியிராமல், அதன் பெயர், அது ஏற்கும் உள்ளீட்டு வகைகள், அதற்கு மேலே நிரலாளர் எழுதி வைத்திருக்கும் விளக்கக் குறிப்பு, சோதனையின் முன்பகுதி ஆகியவற்றிலிருந்து எதிர்பார்ப்பை ஊகிப்பது அதன் வழி. உடலே எழுதப்படாத செயற்கூற்றுக்கும் அதனால் உறுதிக்கூற்று எழுத இயலும். பிழை உள்ள உடலைப் பார்த்துப் பிழையையே விடையாக எழுதும் ஆபத்து இங்கே குறைகிறது. மெய்யான ஜாவாத் திட்டங்களில் முன்பு கண்டறியப்பட்ட பிழைகளின் தொகுப்பான டிஃபெக்ட்ஸ்4ஜே மீது ஈவோசூட்டுடன் இணைத்து இயக்கியபோது, டோகா 57 பிழைகளைக் கண்டதாகவும், அவற்றுள் 30 பிழைகளை ஒப்பிடப்பட்ட வேறு எந்தத் தானியங்கி முறையும் காணவில்லை என்றும் அதன் ஆசிரியர்கள் அறிவித்தனர்.

அடுத்த ஆண்டே இம்முடிவுகள் மறுபரிசீலனைக்கு உள்ளாயின. ஒரு குழு, அந்த மதிப்பீட்டில் முன்பகுதிகள் பிழை திருத்தப்பட்ட நிரலிலிருந்து உருவாக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. பிழை இன்னும் திருத்தப்படாத நிரலை மட்டுமே கையில் வைத்திருக்கும் பொறியாளருக்கு அத்தகைய முன்பகுதிகள் கிடைக்க வழியில்லை. இன்னொரு குழு, 25 ஜாவா அமைப்புகள், ஏறத்தாழ 2,23,500 சோதனைகள், செயற்கையாகப் புகுத்தப்பட்ட ஏறத்தாழ 51,000 பிழைகள் ஆகியவற்றைக் கொண்டு டோகாவைச் சோதித்தது. எந்த வகை ஆரக்கிள் வேண்டும் என்பதிலேயே 24 விழுக்காடு தவறு நேர்ந்தது. வகையைச் சரியாகக் கண்ட இடங்களிலும் ஏறத்தாழ 62 விழுக்காட்டில் உறுதிக்கூற்று எழுதும் அளவுக்கு மாதிரிக்கு நம்பிக்கை எழவில்லை. எழுதப்பட்ட உறுதிக்கூற்றுகளில் 47 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை பொய் எச்சரிக்கைகள், அதாவது சரியான நிரலைத் தவறென்று சொல்பவை. சரியாக அமைந்தவையோ பிழை காணும் திறனை முந்தைய முறைகளைவிட 0.3 விழுக்காடு மட்டுமே கூட்டின. ஒரு முறையைத் தாழ்த்துவதற்காக இவ்வெண்கள் இங்கே தரப்படவில்லை. எழுத்துப் பொருத்தத்தில் பெறும் மதிப்பெண்ணுக்கும் பிழை பிடிக்கும் ஆற்றலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. பொய் எச்சரிக்கையின் விலையும் சிறிதன்று: இரண்டில் ஒன்று பொய்யாக ஒலிக்கும் மணியை எந்தக் குழுவும் நெடுநாள் கேட்டுக்கொண்டிராது, பிறகு மெய்யான மணியும் கேட்கப்படாமற் போகும்.

அளவில் மிகப் பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் நிலைமை பெரிதும் முன்னேறியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அத்தகைய மாதிரிகளைக் கொண்டு 2024இல் உருவாக்கப்பட்ட டோக்ல் என்னும் முறை, டோகாவைப் போல 3.8 மடங்கு சரியான உறுதிக்கூற்றுகளை எழுதியதாக அதன் ஆய்வறிக்கை கூறுகிறது. இருந்தும் அடிப்படைக் கேள்வி புதிய வடிவில் திரும்பி வருகிறது. மொழி மாதிரிகள் எழுதும் ஆரக்கிள்கள் நிரலின் உண்மை நடத்தையைப் பிடிக்கின்றனவா, எதிர்பார்க்கப்படும் நடத்தையைப் பிடிக்கின்றனவா என்று நேரடியாகவே கேட்ட 2024ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று, அவை உண்மை நடத்தையின் பக்கமே சாய்கின்றன என்றும், சோதனைகளுக்கும் மாறிகளுக்கும் பொருளுள்ள பெயர்கள் இடப்பட்டிருந்தால் அவற்றின் ஆரக்கிள்கள் மேம்படுகின்றன என்றும் கண்டது. இரண்டாவது முடிவு, மாதிரிகள் நோக்கத்தை எங்கிருந்து எடுக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுக்கிறது: மனிதர் விட்டுச் சென்ற பெயர்களிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும்தான். அவை இல்லாத இடத்தில், மாதிரியின் முன் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி நிரல்தான்; குற்றம் சாட்டப்பட்டவரும் அதுவே.

தொழில்துறையில் இது எப்படி நடைமுறையாகிறது என்பதற்கு மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட 'டெஸ்ட்ஜென்-எல்எல்எம்' பற்றிய அறிக்கை நல்ல சான்று. மொழி மாதிரி எழுதிய சோதனைகளை அந்நிறுவனம் அடுத்தடுத்த சல்லடைகளில் இட்டது: தொகுக்கப்பட, அதாவது 'கம்பைல்' ஆக, வேண்டும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேற வேண்டும், கவரேஜைக் கூட்ட வேண்டும். கவரேஜ் என்பது சோதனைகள் ஓடும்போது நிரலின் எத்தனை வரிகள் தொடப்பட்டன என்ற அளவு. இன்ஸ்டாகிராமின் இரு பகுதிகளில் நடந்த மதிப்பீட்டில், 75 விழுக்காட்டுச் சோதனைகள் தொகுக்கப்பட்டன, 57 விழுக்காடு நம்பத்தகுந்தவாறு தேறின, 25 விழுக்காடு கவரேஜைக் கூட்டின. பின்னடைவைத் தடுக்கும் குறிக்கோளுக்கு இச்சல்லடை மிகப் பொருத்தமானது. அதன் ஆக்கியோர் தம் எல்லையைத் தெளிவாகவே வரைந்துகொண்டனர். ஆனால் இரண்டாம் சல்லடையின் விளைவை ஊன்றிப் பார்க்க வேண்டும். தேறாத சோதனை தூக்கியெறியப்படுகிறது. 102.50க்கு மாதிரி தப்பித்தவறி 103 என்று சட்டப்படி சரியான உறுதிக்கூற்றை எழுதியிருந்தால், அது பைத்தானின் 102க்கு எதிராகத் தோற்கும். தோற்றதால் மனிதர் கண்ணில் படாமலே குப்பைக்குப் போகும். பிழையை அப்படியே ஆமோதிக்கும் 102 மட்டும் சல்லடையைத் தாண்டி வரும். தோற்ற சோதனைகளில் பெரும்பாலானவை மாதிரியின் தவறாக இருக்கக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் மறைந்திருக்கும் பிழையைச் சுட்டிக்காட்டிய சோதனைகள் இருந்தால், அவையும் அந்தக் குப்பையில்தான் கிடக்கும்.

நிரலையும் அதன் விடையையும் எவ்வளவு கூர்ந்து படித்தாலும் தீர்ப்பு எட்டாத நிலைமைகளும் உண்டு. கிரெகோரியன் நாள்காட்டியில் நூற்றாண்டு ஆண்டுகள் 400ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டுகள். எனவே 1900 லீப் ஆண்டன்று. ஆனால் 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக மைக்ரோசாஃப்ட் எக்செல் அப்பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு இன்றுவரை காத்து வருகிறது. எக்செலில் நாள்களுக்கு இடப்படும் வரிசை எண்களில் 60 என்பது, உலகில் இல்லாத 1900 பிப்ரவரி 29ஐக் குறிக்கிறது. ஒரு நாள்காட்டி நூலகத்தின் சோதனையில் '1900 லீப் ஆண்டு' என்ற உறுதிக்கூற்று இருந்தால் அது பிழை. எக்செல் கோப்புகளைப் படிக்கும் நூலகத்தின் சோதனையில் அதே வரி இல்லாவிட்டால் அது பிழை. இரண்டு தீர்ப்புகளையும் பிரிப்பது நிரலின் உள்ளே இல்லாத ஒரு வணிக வரலாறு.

தமிழ் உரையைக் கையாளும் நிரல் எழுதுவோருக்கு இதே நிலைமை நாள்தோறும் நேர்கிறது. 'தமிழ்' என்னும் சரத்தின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது, ஏனெனில் யூனிகோடு முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள்; ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் 3 என்கிறது; யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது அது 15 பைட்டு இடத்தை எடுத்துக்கொள்கிறது. பள்ளிச் சிறாருக்கான எழுத்து விளையாட்டுச் செயலியில் சரியான விடை 3. குறியீடுகளின் எண்ணிக்கையால் வரம்பிட்ட தரவுத்தளப் பத்தியில் 5. வலையமைப்பில் அனுப்பும் பொதியின் அளவைக் கணக்கிடும்போது 15. மூன்றும் சரி, மூன்றும் தவறு. செயலி யாருக்காக எழுதப்படுகிறது என்பதைத் தெரிந்தவரே விடை சொல்ல முடியும். எழுத்து விளையாட்டைப் பைத்தானில் எழுதி, உறுதிக்கூற்றை அதன் இயக்கத்திலிருந்தே பெற்றுக்கொண்டால், 5 என்ற விடை சோதனையில் தேறி, குழந்தையின் கையில் தவறாகப் போய்ச் சேரும்.

அப்படியானால் இயந்திரத்தின் உதவியை ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், அதுவும் பொறுப்பான நிலைப்பாடு ஆகாது. மனிதர் கையால் எழுதும் சோதனைகள் போதாமை உலகறிந்த செய்தி. திரிபுச் சோதனை, அதாவது 'மியூட்டேஷன் டெஸ்டிங்', என்னும் முறை 1970களிலேயே முன்மொழியப்பட்டது: நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தி, இருக்கும் சோதனைகளில் ஒன்றாவது தோற்கிறதா என்று பார்ப்பதும், எதுவும் தோற்கவில்லையென்றால் அங்கே உறுதிக்கூற்று வலுவற்றது என்று முடிவு செய்வதும் அதன் சாரம். பொருளற்ற திரிபுகள் மலைபோலக் குவிந்ததே அதன் நெடுங்காலக் குறை. மெட்டா 2025இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கையில், தனியுரிமையைப் பாதிக்கக்கூடிய பிழைகளை மட்டும் கற்பனை செய்து புகுத்துமாறு மொழி மாதிரியிடம் கேட்டு, 10,795 கோட்லின் வகுப்புகளிலிருந்து 9,095 திரிபுகளும், அவற்றைப் பிடிக்கும் 571 சோதனைகளும் பெறப்பட்டன. பொறியாளர்கள் பார்வையிட்டு அச்சோதனைகளில் 73 விழுக்காட்டை ஏற்றனர், 36 விழுக்காட்டைத் தனியுரிமைக்குத் தொடர்புடையவை என்று கருதினர். எந்த வகைப் பிழைக்கு அஞ்ச வேண்டும் என்பதை மனிதர் சொல்ல, அந்த அச்சத்தை ஆயிரக்கணக்கான இடங்களில் பொருத்திப் பார்க்கும் சலிப்பூட்டும் உழைப்பை இயந்திரம் ஏற்றிருக்கிறது. இந்தப் பங்கீடு போற்றத்தக்கது.

ஆனாலும் திரிபுச் சோதனையின் மதிப்பெண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. 102.50க்கு 102 என்று எழுதப்பட்ட தவறான உறுதிக்கூற்றும் திரிபுகளைத் திறம்படப் பிடிக்கும். பாதியை எப்போதும் மேலே உயர்த்துமாறு நிரலை மாற்றும் திரிபு ஒன்று புகுத்தப்பட்டால், 103 வந்தவுடன் அச்சோதனை தோற்று, திரிபு பிடிபட்டதாகப் பாராட்டுப் பெறும். பிடிபட்டதோ சட்டம் கேட்ட திருத்தம்! உறுதிக்கூற்று எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதையே இம்முறை அளக்கிறது. எதைக் காக்க விழித்திருக்கிறது என்பதை அது அளப்பதில்லை.

இயந்திரத்துக்கு இன்னும் பொருத்தமான வேலை ஒன்று, டி. ஒய். சென்னும் அவருடன் பணியாற்றியோரும் 1998இல் முன்வைத்த உறவுமாற்றச் சோதனையில், அதாவது 'மெட்டமார்ஃபிக் டெஸ்டிங்'கில், கிடைக்கிறது. சரியான விடை என்னவென்று தெரியாதபோதும், இரண்டு விடைகளுக்கு இடையே இருக்க வேண்டிய உறவு தெரிந்திருக்கலாம் என்பது அதன் கருத்து. வரித்தொகை சரியாக ஒரு ரூபாய் கூடினால், முழுமையாக்கிய தொகையும் சரியாக ஒரு ரூபாய் கூட வேண்டும்; இந்த உறவைச் சொல்ல 170ஆம் பிரிவை மனப்பாடம் செய்திருக்கத் தேவையில்லை. பைத்தானின் 'ரவுண்ட்' 102.50க்கு 102ம், 103.50க்கு 104ம் தருகிறது. ஒரு ரூபாய் கூடியதற்கு இரண்டு ரூபாய் கூடியிருப்பதால் பிழை அங்கேயே வெளிப்படுகிறது. ஒரு செயற்கூற்றின் விளக்கத்தைப் படித்து இத்தகைய உறவுகள் பத்தைப் பரிந்துரைப்பது மொழி மாதிரிகளுக்கு எளிது. அவற்றுள் எது உண்மையில் பொருந்தும் என்று தேர்வது, துறையறிவுள்ள பொறியாளருக்கு ஆயிரம் எதிர்பார்ப்பு எண்களைச் சரிபார்ப்பதைவிடப் பன்மடங்கு எளிது. கருவிகளை வாங்கும் நிறுவனங்கள் இந்தத் திசையில் போதிய கவனம் செலுத்தாதது வருந்தத்தக்கது.

இவற்றின் அடிப்படையில் பொறியாளர்களிடம் வேண்டப்படுபவை சிலவே. உறுதிக்கூற்று எழுதுமாறு மாதிரியைக் கேட்கும்போது செயற்கூற்றின் உடலை மறைத்து, அதன் பெயர், உள்ளீட்டு வகைகள், தேவை ஆவணத்தின் உரிய பத்தி, சட்ட விதி இருந்தால் அவ்விதி ஆகியவற்றை மட்டும் கொடுங்கள். உடலைக் காட்டுவது முன்பகுதியைத் தேடும் கட்டத்துக்கு மட்டும் போதும். இவ்வாறு எழுதப்பட்ட சோதனை தோற்றால் அதை எறிந்துவிடாமல் தனிப் பட்டியலில் சேர்த்து, தவறு நிரலிலா உறுதிக்கூற்றிலா என்று ஒருவர் பார்த்து எழுதிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பட்டியல் நீண்டதாக இருந்தால், பணம், உடல்நலம், தனியுரிமை ஆகியவற்றைத் தொடும் பகுதிகளையாவது முழுமையாகப் பாருங்கள். ஓட்டிப் பார்த்துப் பதிவு செய்த விடையை எதிர்பார்ப்பாகக் கொண்ட சோதனைகளுக்கு அந்த உண்மையைப் பெயரிலேயே சொல்லுங்கள். அவை நடத்தைப் பதிவுகள், பின்னடைவுக்கு எதிரான காவல்கள், அந்த அளவில் மதிப்புடையவை.

குழுத் தலைவர்களுக்கு உரிய கோரிக்கை வேறு. சோதனைகளின் எண்ணிக்கையையும் கவரேஜ் விழுக்காட்டையும் இலக்காக விதித்த குழுவில், கருவி எழுதியதைப் படிக்காமல் ஏற்பவரே முன்னணியில் நிற்பார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. மேலும், பணியில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் ஒரு துறையின் விதிகளைக் கற்றுக்கொள்வது, எதிர்பார்க்கும் விடையைத் தாமே கணக்கிட்டு எழுதும்போதுதான். வரிச் சட்டத்தையோ மருந்தளவு விதியையோ அந்தச் சிறு வரிக்காகத்தான் முதன்முதலில் திறந்து பார்க்கிறார்கள். அந்த வேலை முழுவதும் இயந்திரத்திடம் போய்விட்டால், சில ஆண்டுகளில் இயந்திரம் எழுதியதைச் சரியா என்று சொல்லத் தகுந்தவர் குழுவில் இருக்கமாட்டார். ஆகவே முக்கியமான செயற்கூறுகளின் உறுதிக்கூற்றுகளைப் புதியவர்கள் முதலில் தாமே எழுதி, பிறகு இயந்திரம் எழுதியதோடு ஒப்பிடும் நேரத்தைத் திட்ட அட்டவணையிலேயே ஒதுக்கித் தாருங்கள்.

எல்லோருக்கும் பொதுவான வேண்டுகோள் ஒன்று எஞ்சியிருக்கிறது. இயந்திரம் எழுதிய ஒவ்வோர் உறுதிக்கூற்றையும் ஏற்பதற்கு முன், அதிலுள்ள எதிர்பார்ப்பு விடை எங்கிருந்து வந்தது என்று அந்த வரிக்கு மேலே ஒரே வரியில் குறிப்பு எழுதுங்கள்: சட்டத்தின் பிரிவு, தேவை ஆவணத்தின் பத்தி, கையால் போட்ட கணக்கு, இன்னொரு தனித்த நிரலின் விடை என எதுவாகவும் அது இருக்கலாம். அந்தக் குறிப்பில் எழுத 'நிரலை ஓட்டியபோது இதுவே வந்தது' என்பதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத உறுதிக்கூற்றைச் சரித்தன்மைக்கான சோதனை என்று ஏற்காதீர்கள்.